டோட்முண்டில் ஓடிய காரை லண்டனுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: நாங்கள் நீண்டகாலமாக ஜேர்மனியின் டோட்முண்ட் நகரில் வசிக்கிறோம். கணவருக்கு லண்டனில் வேலை கிடைத்து, அவர் பெப்ரவரியிலேயே அங்கே போய்விட்டார். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிந்ததும் ஜூலையில் நானும் மூன்று பிள்ளைகளும் லண்டனின் ஹரோ பகுதிக்குக் குடிபெயர்கிறோம். எங்களிடம் 2018 ஆம் ஆண்டுப் பதிவான, ஏழு இருக்கைகள் கொண்ட ஃபோக்ஸ்வாகன் டூரான் டீசல் கார் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியது. என் பெயரில் உள்ளது. வங்கிக் கடன் இன்னும் பத்து மாதங்களுக்கு இருக்கிறது. இங்கே ஒரு வியாபாரி 12,800 யூரோ தருவதாகச் சொல்கிறார். அதே வயதுடைய டூரானுக்கு லண்டனில் 13,500 பவுண்ட் கேட்கிறார்கள். இடப்பக்க ஸ்டியரிங் உள்ள காரை அங்கே பதிவுசெய்யவே முடியாது என்கிறார் ஓர் உறவினர். வரியில்லாமல் கொண்டுவந்து, ஆறு மாதம் ஓடிவிட்டு விற்றுவிடலாம் என்கிறார் இன்னொருவர். நாங்கள் என்ன செய்வது?

பதில் (வாகன இறக்குமதிப் பத்திரங்களைக் கையாளும் சுங்க முகவர்):

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் உறவினர் இருவர் சொன்னதும் சரியல்ல. இடப்பக்க ஸ்டியரிங் உள்ள காரைப் பிரித்தானியாவில் பதிவுசெய்யலாம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்ற வேண்டும் என்று சட்டம் எதுவும் கேட்பதில்லை. வரியில்லாமல் கொண்டுவரவும் வழி உண்டு. ஆனால் அப்படிக் கொண்டுவந்த காரை ஆறு மாதத்தில் விற்பது அந்தச் சலுகையின் நிபந்தனையை மீறுவதாகும். விற்றால் தள்ளுபடியான வரியைத் திரும்பக் கட்ட நேரும். என்னுடைய முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காரை டோட்முண்டிலேயே விற்றுவிட்டு வருவதே உங்கள் குடும்பத்துக்கு நல்லது. காரணம் வரியன்று. வரி விடயத்தில் உங்கள் நிலைமை மிகவும் சாதகமானது. அதை முதலில் விளக்கிவிட்டால், உண்மையான செலவும் சிரமமும் எங்கே இருக்கின்றன என்பது தெளிவாகும்.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து முழுமையாக விலகிய பின்னர், அதாவது 2021 ஜனவரி முதல், ஜேர்மனியிலிருந்து வரும் காரும் ஜப்பானிலிருந்து வரும் காரைப் போலவே இறக்குமதிப் பொருளாகக் கணக்கிடப்படுகிறது. சலுகை எதுவும் இல்லையென்றால் 10 சதவீதச் சுங்கத் தீர்வையும், அதற்கு மேல் 20 சதவீதப் பெறுமதி சேர் வரியும் உண்டு. உங்கள் காரின் பெறுமதியை ஏறத்தாழ 11,000 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால், தீர்வை 1,100 பவுண்ட். தீர்வையையும் சேர்த்த 12,100 பவுண்டின் மீது பெறுமதி சேர் வரி 2,420 பவுண்ட். மொத்தம் 3,520 பவுண்ட். கொண்டுவரும் செலவையும் பெறுமதியுடன் சேர்ப்பார்கள் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாரான காருக்குத் தீர்வை இல்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வர்த்தக உடன்படிக்கையில் அப்படி ஓர் இடம் உண்டு என்றாலும், காரின் தோற்றம் பற்றிய முறையான சான்று அதற்கு வேண்டும். பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கும் தனியாள் கையில் அந்தச் சான்று இருப்பது அரிது.

உங்களுக்குப் பொருந்துவது வதிவிட மாற்றச் சலுகை. பிரித்தானியாவுக்கு வெளியே தொடர்ந்து குறைந்தது 12 மாதங்கள் வசித்தவர், தம்மிடம் குறைந்தது 6 மாதங்கள் இருந்து தாம் பயன்படுத்திய பொருள்களை, குடிபெயர்வதையொட்டித் தீர்வையும் பெறுமதி சேர் வரியும் இல்லாமல் கொண்டுவரலாம். வீட்டுச் சாமானுக்கு மட்டுமன்றிக் காருக்கும் இது பொருந்தும். நீங்கள் இரண்டு நிபந்தனைகளையும் எளிதில் நிறைவுசெய்கிறீர்கள். கார் உங்கள் பெயரில் இருப்பதால் விண்ணப்பமும் உங்கள் பெயரிலேயே போக வேண்டும். கணவர் தமது வீட்டுச் சாமானுக்காக ஏற்கனவே அனுமதி பெற்றிருந்தால், உங்கள் கார் அதற்குள் தானாக அடங்கிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். விண்ணப்பத்தை இணையவழியில் எச்.எம்.ஆர்.சி. எனப்படும் வரி, சுங்கத் திணைக்களத்துக்கு அனுப்பி, அவர்கள் தரும் தனிக் குறியீட்டு எண் கைக்கு வந்த பிறகே காரைப் புறப்படச் செய்ய வேண்டும். எண் வருவதற்கு முன் டோவர் துறைமுகத்தில் வந்து இறங்குபவர்கள் முழு வரியையும் கட்டிவிட்டு, பின்னர் அதைத் திரும்பப் பெறுவதற்காக மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதை என் அலுவலகத்தில் அடிக்கடி காண்கிறேன்.

உறவினர் சொன்ன ஆறு மாதக் கணக்கு தவறாவது இந்த இடத்தில்தான். சலுகையில் வந்த காரை, வந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்கு விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் கொடுக்கவோ, அடகு வைக்கவோ கூடாது. பொருள் உங்கள் சொந்தப் பாவனைக்கு என்ற உறுதியின் பேரிலேயே வரி தள்ளுபடியாகிறது.

இனி, நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன வங்கிக் கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேர்மனியில் கடனில் வாங்கிய காரின் பிரீஃப், அதாவது பதிவுச் சான்றின் இரண்டாம் பகுதி, கடன் தீரும்வரை பெரும்பாலும் வங்கியிடமே இருக்கும். பிரித்தானியாவில் பதிவுசெய்யும்போது சுவான்சியில் உள்ள டி.வி.எல்.ஏ. என்ற வாகனப் பதிவு அலுவலகத்துக்கு வெளிநாட்டுப் பதிவுச் சான்றின் மூலப் பிரதியை அனுப்ப வேண்டும், நகல் போதாது. ஆகவே காரைக் கொண்டுவருவதென்றால், மீதமுள்ள பத்து மாதத் தவணையையும் ஜூலைக்கு முன் ஒரே தொகையாகக் கட்டி, பிரீஃபை மீட்டெடுத்தாக வேண்டும். புதிய நாட்டில் வீட்டுக்கு முற்பணம், முதல் மாத வாடகை, பிள்ளைகளின் சீருடை என்று பணம் கரையும் காலத்தில் அது சிறிய சுமையன்று. வியாபாரிக்கு விற்றால், அவர் வங்கிக்குரிய தொகையை நேரடியாகச் செலுத்தி பிரீஃபைப் பெற்றுக்கொண்டு, மீதியை உங்களிடம் தருவது அங்கே வழமையான நடைமுறை.

கடன் தீர்ந்து, அனுமதி எண்ணும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது, வலப்பக்கப் போக்குவரத்துக்காகச் செய்யப்பட்ட காரை இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக்குவது. பத்து ஆண்டுகளுக்கு உட்பட்ட காருக்குப் பிரித்தானியாவில் வாகன அங்கீகாரம், அதாவது பாதுகாப்பு, சூழல் விதிகளுக்கு ஏற்றது என்ற அத்தாட்சி தேவை. ஐரோப்பிய வகை அங்கீகாரம் பெற்ற இடப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கு, தயாரிப்பாளரின் இணக்கச் சான்றையும், மாற்றங்கள் செய்யப்பட்டதற்கான கராஜ் ஆதாரத்தையும் காட்டி மாற்றுச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. அதற்கான கட்டணம் 100 பவுண்ட் அளவில்தான். செலவு மாற்றங்களில் இருக்கிறது. அவை மூன்று. வேகமானி மைல் கணக்கில் காட்ட வேண்டும். பின்பக்க மூடுபனி விளக்கு நடுவிலோ வலப்பக்கத்திலோ எரிய வேண்டும். ஜேர்மனியக் கார்களில் ஒரே விளக்கு இருந்தால் அது இடப்பக்கத்தில் இருக்கும். முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காமல் இடப்பக்கமாகச் சாய வேண்டும்.

முதல் இரண்டும் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. மூன்றாவதுதான் பலருடைய கணக்கைக் குலைக்கிறது. உங்கள் காரில் சாதாரண ஹலோஜன் விளக்கு இருந்தால், வலப்பக்க ஸ்டியரிங் காருக்குரிய விளக்குச் சோடி ஒன்றை ஓரளவு நியாயமான விலைக்குப் பெறலாம். எல்.இ.டி. விளக்காக இருந்தால் புதிய சோடியும் பொருத்தும் கூலியும் சேர்ந்து ஆயிரம் பவுண்டைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். சில கார்களில் திரையிலேயே போக்குவரத்துப் பக்கத்தை மாற்றும் வசதி உண்டு. விடுமுறைக்கு வந்துபோகும் பயணிக்கு அது போதும். நிரந்தரப் பதிவுக்கு ஏற்கப்படுமா என்பது அந்த விளக்கின் வகையையும் தயாரிப்பாளர் தரும் ஆதாரத்தையும் பொறுத்தது. விளக்குக் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புப் பட்டியை நம்பி வருபவர்களும் இருக்கிறார்கள். அங்கீகாரத்துக்கு அது உதவாது. எனவே கொண்டுவரும் எண்ணம் இன்னும் மீதியிருந்தால், கப்பல் சீட்டு விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் காரின் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து, வலப்பக்க ஸ்டியரிங் டூரானுக்குரிய முகப்பு விளக்குச் சோடி என்ன விலை என்று கேளுங்கள். அந்த ஒரு விலையே பாதி விடையைத் தந்துவிடும்.

பத்து ஆண்டுகளைக் கடந்த காருக்கு இந்த அங்கீகாரம் தேவையில்லை என்பதால், பழைய காரைக் கொண்டுவருவது இலகு என்று நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அங்கீகாரம் தேவையில்லை என்றாலும், மூன்று வயதைக் கடந்த எல்லாக் கார்களையும் போல அதுவும் எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்தத் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். விளக்கு தவறான பக்கம் சாய்ந்தால் அங்கே தோல்விதான். அதைவிட முக்கியமானது புகைக் கட்டுப்பாடு. லண்டனின் மிகக்குறைந்த மாசு வலயம் 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லா மாநகராட்சிப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது, ஹரோவும் அதற்குள்தான். ஐரோப்பியப் புகைத் தரங்களில் பெற்றோல் கார் யூரோ 4 தரத்தையும், டீசல் கார் யூரோ 6 தரத்தையும் எட்டியிருக்க வேண்டும். இல்லையெனில் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட். புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் யூரோ 6 கட்டாயமானது 2015 செப்டெம்பரில் என்பதால், அதற்கு முந்தைய டீசல் கார்களில் பெரும்பாலானவை இந்த வலையில் சிக்கும். உங்கள் கார் 2018 ஆம் ஆண்டுப் பதிவு. இந்த விடயத்தில் அச்சமில்லை. ஃபார்சொய்க்ஷைன் என்ற, பதிவுச் சான்றின் முதலாம் பகுதியின் 14 ஆம் கட்டத்தில் தரம் எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பத்திர வரிசை இதற்குப் பிறகு நேரானது. கார் வந்து 14 நாள்களுக்குள் நோவா என்ற முறையில் எச்.எம்.ஆர்.சி.க்கு அறிவிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5 பவுண்ட் அபராதம் வரலாம். வரிச் சலுகை பெற்றவர்களும் இந்த அறிவிப்பைச் செய்தே ஆக வேண்டும். பின்னர் எம்.ஓ.டி., காப்புறுதி, டி.வி.எல்.ஏ. விண்ணப்பம், 55 பவுண்ட் முதற்பதிவுக் கட்டணம், வாகன வரி. பதிவெண் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை, முன்பதிவு செய்த சோதனைக்குக் கொண்டுபோவதைத் தவிர, காரை வீதியில் ஓடக் கூடாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜேர்மன் இலக்கத் தகட்டுடனேயே ஆறு மாதம் ஓடலாம் என்ற எண்ணம் நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த ஆறு மாதம் சுற்றுலாப் பயணிக்கும் வருகையாளருக்கும் உரியது. நீங்கள் ஹரோவில் வீடு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பின்னர் வருகையாளர் அல்லர். டோட்முண்டில் இருக்கும் உறவினர் ஒருவரின் பெயருக்குக் காரை மாற்றிவிட்டு இங்கே நீங்கள் ஓடுவதும் அதே குற்றத்தில்தான் முடியும். பொலிஸார் காரைப் பறிமுதல் செய்யலாம். விபத்து நேர்ந்தால், வாகனம் எங்கே நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மறைத்ததாகக் கூறி ஜேர்மன் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். மூன்று பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் காருக்கு அப்படி ஒரு நிலை வரவே கூடாது.

இப்போது பணத்தைக் கூட்டிப் பார்ப்போம். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய 12,800 யூரோ ஏறத்தாழ 11,000 பவுண்ட். லண்டனில் அதே வகைக் கார் 13,500 பவுண்ட். ஆக, விற்றுவிட்டு வாங்கினால் 2,500 பவுண்ட் கையிலிருந்து போகிறது. கொண்டுவந்தால் அது மிச்சம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 2,500 பவுண்டிலிருந்து விளக்கு மாற்றம், மூடுபனி விளக்கு, வேகமானி, இணக்கச் சான்றின் பிரதி தொலைந்திருந்தால் அதை மீண்டும் பெறும் செலவு, மாற்றுச் சான்றிதழ், பதிவுக் கட்டணம், பயணச் செலவு, ஜேர்மனியில் எடுக்கும் ஏற்றுமதித் தகடும் அதற்கான குறுகியகாலக் காப்புறுதியும் என்று கழித்துக்கொண்டே வந்தால், எல்.இ.டி. விளக்குள்ள காரில் மிஞ்சுவது சில நூறு பவுண்டாக இருக்கலாம். அதன் பின்பும் உங்கள் கையில் இருப்பது லண்டனில் 13,500 பவுண்டுக்குப் போகும் கார் அன்று. இடப்பக்க ஸ்டியரிங் காரை இங்கே வாங்குவோர் மிகச் சிலர். ஏழு இருக்கைக் காரைத் தேடுகிறவர்கள் பிள்ளைகள் உள்ள குடும்பத்தினர். அவர்கள் வலப்பக்க ஸ்டியரிங்கையே தேடுவார்கள். பிற்பாடு விற்கும் நாளில் நீங்கள் இழக்கப்போகும் தொகை, இன்று மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும் என்பதே என் கணிப்பு. காப்புறுதியும் அப்படித்தான்: இறக்குமதி செய்த இடப்பக்க ஸ்டியரிங் காருக்கு விலை சொல்ல மறுக்கும் நிறுவனங்கள் உண்டு, ஏற்பவர்கள் கூடுதலாகக் கேட்பார்கள். உங்கள் கணவர் இன்றே ஹரோ அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து, இரண்டு வகைக் கார்களுக்கும் விலை கேட்டுப் பார்க்கட்டும்.

பணத்தை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. கணவர் வேலைக்குப் போய்விட, காலையும் மாலையும் இந்தக் காரை ஓடப்போகிறவர் நீங்கள். ஊரில் இடது பக்கம் ஓடிப் பழகியவர்களுக்கே, ஐரோப்பாவில் பல ஆண்டு வலது பக்கம் ஓடிய பிறகு திரும்புவதற்குக் காலம் எடுக்கிறது. சாரதிப் பயிற்சியே ஜேர்மனியில் பெற்றவராக இருந்தால் இன்னும் கடினம். அந்த நிலையில் ஸ்டியரிங்கும் வீதியோரப் பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பிரித்தானியச் சுற்றுவட்டங்களில் வழிவிட வேண்டியது வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கு. நீங்கள் இடப்பக்கம் இருப்பதால் முன்னிருக்கையில் இருப்பவரும் கதவுத் தூணும் அந்தப் பார்வையை மறைப்பார்கள். அதிவேகப் பாதையில் சேரும்போது வலது தோளுக்கு மேலாகப் பின்னே பார்க்க வேண்டும். ஏழு இருக்கைக் காரில் அங்கே பிள்ளைகளின் தலைகளும் பைகளும் இருக்கும். பாரவூர்திக்குப் பின்னால் போகையில் முந்தலாமா என்று பார்க்கவே காரை நடுக்கோட்டுக்கு வெளியே நீட்ட வேண்டும். வாகனத் தரிப்பிடத் தடுப்பில் சீட்டு எடுக்கும் இயந்திரம் எப்போதும் மறுபக்கத்தில் நிற்கும். பள்ளி வாசலில் நிறுத்தினால், நீங்கள் நடைபாதைப் பக்கம் பத்திரமாக இறங்குவீர்கள். முன்னிருக்கையில் இருக்கும் பிள்ளை வாகனங்கள் ஓடும் பக்கம் கதவைத் திறக்கும். இவற்றுக்கெல்லாம் பழகிக்கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் புதிய ஊர், புதிய பள்ளி, புதிய பாதைப் பக்கம் என்ற மூன்றும் ஒரே மாதத்தில் வரும்போது, நான்காவதாக இதையும் ஏற்றுக்கொள்ளும்படி என் சொந்தச் சகோதரிக்கு நான் சொல்ல மாட்டேன்.

சிலருக்கு நான் கொண்டுவரும்படியே சொல்லியிருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி ஏற்றும் வகையில் பெருஞ்செலவில் மாற்றியமைத்த கார் வைத்திருப்பவர். கடன் ஏதுமில்லாத, நல்ல நிலையிலுள்ள காரைப் பத்து ஆண்டு வைத்திருக்கப்போகிறவர். பிரான்சின் கலே துறைமுகத்துக்கும் டோவருக்கும் இடையே மாதந்தோறும் தொழிலுக்காகப் போய்வருபவர். இவர்களுக்குக் கணக்கு வேறு விதமாக அமையும். வருங்காலத்தில் ஜேர்மனிக்கே திரும்பக்கூடும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அது கொண்டுவருவதற்கான காரணமாகாது. திரும்பும்போது விளக்கை மறுபடியும் வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாற்றி, அங்கே மறுபதிவு செய்து, ஒன்றியத்தின் வதிவிட மாற்ற விதிகளையும் தனியாக நிறைவுசெய்ய வேண்டியிருக்கும்.

விற்பதென்று முடிவெடுத்தால், ஜூலை வரை காத்திருந்து கடைசி வாரத்தில் முதல் வியாபாரியிடம் கொடுக்க வேண்டாம். புறப்படும் அவசரம் தெரிந்தால் விலை இறங்கும். மே மாதத்திலேயே வங்கியிடம் கடன் தீர்க்கும் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கி, மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள். டுவ் எனப்படும் ஜேர்மன் வாகனத் தகுதிச் சோதனை காலாவதியாகும் நிலையில் இருந்தால் அதை முடித்துவிட்டுக் காட்டுவது பயன் தரும். காரைக் கையளித்த பின் அப்மெல்டுங், அதாவது பதிவு நீக்கம், செய்யப்பட்டதற்கான தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது நடந்தால்தான் உங்கள் பெயரில் ஓடும் வாகன வரியும் காப்புறுதியும் நிற்கும். இங்கே வாங்கும்போது, பதிவெண்ணைக் கொண்டு அரசாங்க இணையத்தளத்தில் அந்தக் காரின் எம்.ஓ.டி. வரலாற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையிலும் ஓடிய மைல் கணக்கு அதில் இருக்கும். அதைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

காரை விற்றாலும் உங்களுடன் கொண்டுவர வேண்டிய ஒன்று உண்டு. விபத்தின்றி ஓடிய ஆண்டுகளைக் காட்டும் சான்றை உங்கள் ஜேர்மன் காப்புறுதி நிறுவனத்திடம் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை. ஏற்கும் நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்தால் முதலாண்டுக் கட்டணத்தில் கணிசமாகக் குறையும். ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதத்திலேயே இந்தச் சான்றையும் கேட்டுவிட்டால், ஹரோவிலிருந்து தொலைபேசியில் அலைக்கழிய வேண்டியிராது.